பகுதிச் சுமையில் கரையும் மின்சாரம்

மின்வண்டி மோட்டார் இயக்கச் சுற்றுகளில் இழப்பைக் குறைப்பது குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



மின்சார ஸ்கூட்டர் விளம்பரம் எதை எடுத்தாலும் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் இருக்கும். உச்சத் திறன் இத்தனை கிலோவாட். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர். முதல் எண், வண்டி எப்போதாவது சில நொடிகள் தொட்டுவிட்டு வரும் எல்லை. இரண்டாவது எண்ணை முடிவுசெய்வது அந்த எல்லைக்கு வெகு கீழே நாள் முழுக்க நடக்கும் ஓட்டம். மோட்டாரை இயக்கும் சுற்றில் மின்சாரம் எங்கெல்லாம் வெப்பமாக வீணாகிறது, அதைக் குறைக்க என்ன வழி என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் இழப்பைத் தேடுவது உச்சத் திறனில். அது பெருகிக் கிடப்பதோ பகுதிச் சுமையில்.

நம் நாட்டில் இருசக்கர வண்டிகளைச் சோதிக்கப் பயன்பட்டுவரும் இந்திய ஓட்டச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 108 நொடி நீளம். உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். சராசரி வேகம் 22 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி செலவழிக்கும் ஸ்கூட்டர் அந்தச் சராசரி வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 660 வாட். அதே வண்டியின் மோட்டாருக்கு 4 அல்லது 5 கிலோவாட் உச்சத் திறன் என்று பெயர்ப்பலகை சொல்லும். அதாவது சோதனைச்சாலையிலேயே அது தன் திறனில் ஆறில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வாழ்கிறது. கோவை காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்து போகும்போது இன்னும் குறைவு.

இனி சுற்றுக்குள் போவோம். பேட்டரி தருவது நேர்மின்சாரம். மோட்டார் கேட்பது மூன்று கட்ட மாறுமின்சாரம். நடுவில் இருக்கும் இன்வெர்ட்டரை ஸ்கூட்டர் பட்டறைகளில் கண்ட்ரோலர் என்கிறார்கள். அதன் உயிர் ஆறு குறைக்கடத்திச் சுவிட்சுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. நொடிக்குப் பத்தாயிரம் முறை, இருபதாயிரம் முறை என்று அவை மூடித் திறந்து, பேட்டரியின் நேரழுத்தத்தை நறுக்கி, மோட்டாருக்கு வேண்டிய அலையாக உருமாற்றுகின்றன.

இழப்பு இரண்டு வழியில் வருகிறது. சுவிட்ச் மூடியிருக்கும்போது, அதாவது கடத்தும்போது, அதன் இரு முனைகளுக்கிடையே மிஞ்சும் சிறு மின்னழுத்தம் மின்னோட்டத்தால் பெருக்கப்பட்டு வெப்பமாகிறது. இது கடத்தல் இழப்பு. மற்றொன்று சுவிட்சிங் இழப்பு. மூடியிருக்கும் நிலையிலிருந்து திறந்த நிலைக்கு மாறும் அந்த மிகச் சிறிய இடைப்பொழுதில் முழு அழுத்தமும் முழு மின்னோட்டமும் ஒரே நேரத்தில் சுவிட்சின் மேல் விழுகின்றன. ஒரு முறைக்கு இழப்பு மில்லிஜூல்களில்தான் இருக்கும். ஆனால் 20 மில்லிஜூலை நொடிக்குப் பத்தாயிரம் முறை இழந்தால் 200 வாட்.

இந்தச் சுவிட்சுகளின் வரலாற்றில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1948-இல் சென்னையில் பிறந்து, 1969-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று அமெரிக்கா போன ஜெயந்த் பாலிகா, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐஜிபிடி என்ற சுவிட்சை உருவாக்கினார். அதன் வளர்ச்சியில் வேறு பலருக்கும் பங்கு உண்டு. ஆயினும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் என்று உலகம் அவரையே கொண்டாடுகிறது. பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு 2024-இல் அவருக்கு வழங்கப்பட்டது. 1997-இல் வந்த டொயோட்டா பிரியஸ் தொடங்கி, பல ஆண்டுகள் உயர் அழுத்த மின்வண்டிகள் ஐஜிபிடியின் தோளில்தான் ஓடின.

ஐஜிபிடியின் பலம் எதுவோ அதுவேதான் அதன் பலவீனமும். சிலிக்கானில் அதிக அழுத்தத்தைத் தாங்கும் மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகைச் சுவிட்சைச் செய்யவேண்டுமானால் உள்ளே தடிமனான அடுக்கு தேவை. அந்த அடுக்கின் மின்தடை மிகுதி. ஐஜிபிடி இருவகை மின்னூட்டங்களையும் அந்த அடுக்குக்குள் வெள்ளமாகப் பாய்ச்சி மின்தடையைத் தணிக்கிறது. அதற்கு இரண்டு விலை கொடுக்கவேண்டும். சுவிட்சைத் திறக்கும்போது உள்ளே நிறைந்த மின்னூட்டம் வடிந்து தீரும்வரை மின்னோட்டத்தின் வால் நீண்டுகொண்டே போகும். சுவிட்சிங் இழப்பு ஏறும். அடுத்து, கடத்தத் தொடங்கவே ஏறத்தாழ ஒரு வோல்ட் தேவை. மின்னோட்டம் எவ்வளவு குறைந்தாலும் அந்த வோல்ட் குறையாது. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாலும் குறைந்தபட்சக் கட்டணம் கொடுக்கவேண்டும் அல்லவா, அதுபோல. மாஸ்ஃபெட் கடக்கும் தூரத்துக்கு மட்டுமே காசு வாங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. ஆனால் நடைமுறைக்கு அருகிலானவை. 300 ஆம்பியரில் ஐஜிபிடியின் மேல் 1.7 வோல்ட் நின்றால் இழப்பு 510 வாட். அதே இடத்தில் சூடான நிலையிலும் 4 மில்லிஓம் தடை உள்ள மாஸ்ஃபெட் இருந்தால் 360 வாட். முப்பது விழுக்காடு ஆதாயம். நல்லதுதான், ஆனால் வியப்பில்லை. இப்போது 30 ஆம்பியருக்கு வாருங்கள், அதாவது ஊருக்குள் ஓடும் நிலைக்கு. ஐஜிபிடியில் ஒரு வோல்ட் வீதம் 30 வாட், மாஸ்ஃபெட்டில் 3.6 வாட். எட்டில் ஒரு பங்கு! உச்சத் திறனில் இந்த இரண்டு சுவிட்சுகளையும் ஒப்பிட்ட பொறியாளருக்கும் பகுதிச் சுமையில் ஒப்பிட்டவருக்கும் கிடைக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

அப்படியானால் உயர் அழுத்தத்திலும் மாஸ்ஃபெட்டே வைத்துவிடலாமே? சிலிக்கானில் முடியாது, சிலிக்கான் கார்பைடில் முடியும். 1891-இல் எட்வர்டு அச்சிசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள் இது. நூறாண்டுக்கு மேலாகச் சாணைக்கல்லாகவும் உப்புத்தாளாகவும் நம் பட்டறைகளில் புழங்குகிறது. சிலிக்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலிமையான மின்புலத்தை அது தாங்கும். எனவே 1200 வோல்ட்டைத் தடுக்கச் சிலிக்கானில் நூறு மைக்ரானை ஒட்டிய அடுக்கு வேண்டிய இடத்தில் இதில் பத்து மைக்ரான் போதும். வெப்பத்தையும் ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். இந்தப் பொருள்களை ஒப்பிட உதவும் அளவுகோலை 1980-களின் தொடக்கத்தில் வகுத்தவரும் அதே பாலிகாதான். அந்த அளவுகோலில் தாங்கும் மின்புலம் மும்மடியாக வருகிறது. தான் உருவாக்கிய ஐஜிபிடியை ஒருநாள் பின்னுக்குத் தள்ளப்போகும் பொருளை அந்த நாளிலேயே கணக்குப் போட்டுக் காட்டிய அந்த அறிவு நேர்மை என்னை நெகிழவைக்கிறது.

கணக்கிலிருந்து காருக்கு வரச் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட்டுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சிலிக்கானை உருக்கிப் பெரிய தூணாக இழுத்துவிடலாம். சிலிக்கான் கார்பைடை அப்படி உருக்கி இழுக்க இயலாது; 2000 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆவியாக்கிப் படியவைத்துப் படிகமாக வளர்க்கவேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பழுதற்ற படிகம் அரிது. அதை அறுப்பது கடினம். 2017-இல் வந்த டெஸ்லா மாடல் 3 இதைப் பெரும் எண்ணிக்கையில் தயாராகும் காரின் இன்வெர்ட்டருக்குள் கொண்டுவந்தது. 24 சிறு மாட்யூல்கள், ஒவ்வொரு சுவிட்சுக்கும் நான்கு. அதே நிறுவனம் 2023 மார்ச்சில், தன் அடுத்த தலைமுறை வண்டியில் சிலிக்கான் கார்பைடின் அளவை 75 விழுக்காடு குறைக்கப்போவதாக அறிவித்தது. விலை இன்னும் உறுத்துகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். சிறு மின்னோட்டத்துக்குச் சிலிக்கான் கார்பைடு, பெரு மின்னோட்டத்துக்குச் சிலிக்கான் ஐஜிபிடி என இரண்டையும் இணையாக வைக்கும் கலப்புச் சுவிட்சுகளில் பலர் முனைந்திருப்பதும் இதனால்தான். பகுதிச் சுமையின் அருமையை அறிந்த வடிவமைப்பு அது, எனக்குப் பிடித்தமானது.

ஆனால் கோவையிலும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இராணிப்பேட்டையிலும் நம்மவர்கள் செய்வதில் பெரும்பகுதி 400 வோல்ட் கார்கள் இல்லை. 48 வோல்ட், 60 வோல்ட், 72 வோல்ட் என ஓடும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும். அங்கே சுவிட்சுகள் ஏற்கெனவே சிலிக்கான் மாஸ்ஃபெட்டுகள்தாம். ஒரு வோல்ட் குறைந்தபட்சக் கட்டணம் அங்கே இல்லை. ஆகவே கார் உலகத்தின் தீர்வை அப்படியே இங்கே தூக்கிவந்து வைப்பதில் பொருளில்லை. இங்கே எதிரி மின்னோட்டம். 48 வோல்ட்டில் 4 கிலோவாட் எடுத்தால் 83 ஆம்பியர். இழப்போ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஒரே ஒரு மில்லிஓம் தடை, ஏறத்தாழ 7 வாட் தின்றுவிடும். அந்த ஒரு மில்லிஓம் மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கவேண்டும் என்றில்லை. சரியாகக் கிரிம்ப் செய்யாத ஒரு லக், மழைநீர் இறங்கிப் பச்சை பிடித்த ஒரு முனை, தளர்ந்த ஒரு போல்ட்டு போதும். மாஸ்ஃபெட்டின் தடையை 2 மில்லிஓமிலிருந்து 1.5-க்கு இறக்கக் கூடுதல் விலை கொடுக்கும் நிறுவனம், கேபிள் முனையில் அதைவிட அதிகமாக இழப்பதை நான் பார்த்திருக்கிறேன். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி, கம்பி வழி இழப்பு கால்வாசி. மனிதத் தொடுகைக்குப் பாதுகாப்பான எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் எவ்வளவு மேலே போகமுடியுமோ அவ்வளவு போகவேண்டும்.

அடுத்தது மாஸ்ஃபெட்டின் தரவுத்தாள். முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தடை 25 டிகிரியில் அளந்தது. சிலிக்கான் மாஸ்ஃபெட் உள்ளே 150 டிகிரியை எட்டும்போது அந்தத் தடை ஏறத்தாழ இரு மடங்காகும். அக்னி நட்சத்திரத்தில் கால்வைக்கும் பலகைக்கு அடியில், காற்று புகாத பெட்டிக்குள், தார்ச்சாலையின் அனல் கீழிருந்து ஏற, நம் கண்ட்ரோலர் இருக்கிறது. சூடு ஏறினால் தடை ஏறும், தடை ஏறினால் இழப்பு ஏறும், இழப்பு ஏறினால் சூடு மேலும் ஏறும். வெப்பத்தை வெளியேற்றும் வழியைச் சீராக்குவதும் இழப்பைக் குறைக்கும் வேலைதான் என்பதை மாணவர்கள் மறக்கவேண்டாம். வெப்பக்கடத்திப் பசையைச் சீராகத் தடவுவது, மாஸ்ஃபெட்டை அலுமினியத் தகட்டோடு சம அழுத்தத்தில் பொருத்துவது எல்லாம் தொழிலாளியின் கையில் இருக்கும் திறன்.

மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே நேரத்தில் மூடினால் பேட்டரி குறுக்குச்சுற்றாகிவிடும். அதைத் தவிர்க்க, ஒன்று திறந்தபின் மற்றது மூடும்வரை ஒரு சிறு இடைவெளி விடுகிறோம். அந்த இடைவெளியில் மின்னோட்டம் மாஸ்ஃபெட்டுக்குள் உறைந்திருக்கும் டயோடு வழியே போகும். 80 ஆம்பியரில் மாஸ்ஃபெட் 2 மில்லிஓம் வழியே இழப்பது 13 வாட்டுக்குச் சற்றுக் குறைவு, டயோடில் 0.9 வோல்ட் விழுந்தால் 72 வாட். இடைவெளி ஒரு மைக்ரோநொடி, சுழற்சிக்கு இரண்டு முறை, 16 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் காலத்தில் 3.2 விழுக்காடு டயோடு கடத்துகிறது. ஒரு கட்டத்துக்கு 2.3 வாட். இடைவெளியை 300 நானோநொடியாக்கினால் அது 0.7 வாட்டாகக் குறையும். மூன்று கட்டத்துக்கும் சேர்த்து ஐந்து வாட்டை ஒட்டிய மிச்சம். சிறிதுதான்; ஆனால் காசு செலவில்லாதது. எச்சரிக்கை ஒன்று: சுவிட்சுகளை இயக்கும் கேட் டிரைவரின் தாமதம் வெப்பத்தில் எப்படி மாறும் என்று அளக்காமல் இடைவெளியைக் குறுக்குபவர் கண்ட்ரோலரையே எரித்துவிடுவார்.

காசு செலவில்லாதவற்றுள் ஆகச் சிறந்தது சுவிட்சிங் முறையை மாற்றுவது. மோட்டாரின் நடுப்புள்ளி எதனோடும் இணைக்கப்படவில்லை. ஆகவே மூன்று கட்டங்களுக்கும் ஒரே அளவு அழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் மோட்டாருக்குத் தெரியாது. இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி, எந்த நேரத்திலும் ஒரு கட்டத்தை அசையாமல் பேட்டரியின் ஒரு முனையோடு பூட்டி வைத்துவிட்டு, மற்ற இரண்டை மட்டும் நறுக்கலாம். மூன்றும் முறைபோட்டு ஓய்வெடுக்கும். நறுக்கும் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்தக் கட்டத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கிறதோ அதற்கே ஓய்வு கொடுத்தால், அதே சுவிட்சிங் அதிர்வெண்ணில் சுவிட்சிங் இழப்பு பாதிவரை இறங்கும். 1970-களிலேயே எழுதப்பட்ட முறை இது. கண்ட்ரோலரில் இருக்கும் சிறு செயலி எதுவும் இதைச் செய்யும். சில வரி மென்பொருள்தான். வேகம் மிகக் குறைவாக இருக்கும்போது இந்த முறையில் மின்னோட்டத்தின் அலைவு கூடும் என்பதால் அங்கே பழைய முறைக்குத் திரும்பவேண்டும்.

அந்த அலைவு ஏன் முக்கியம் என்பதில்தான் மோட்டார்க்காரர்களும் மின்னணுக்காரர்களும் ஒரே மேசையில் உட்காரவேண்டிய காரணம் இருக்கிறது. சுவிட்சிங் அதிர்வெண்ணைக் குறைத்தால் இன்வெர்ட்டர் குளிரும். ஆனால் அலைவு கூடி, மோட்டாரின் இரும்பிலும் காந்தங்களிலும் சுழல் மின்னோட்ட இழப்பு ஏறும். ஏற்றினால் தலைகீழ். பம்புக்கு 0.5 மில்லிமீட்டர் ஸ்டாம்பிங் வாங்கிப் பழகிய இந்தக் கோவைக்கு 0.35, 0.3 என்று மெல்லிய தகட்டின் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. தகடு மெலிந்தால் மோட்டார் அந்த அலைவைப் பொறுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் மெதுவாக நறுக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சிக்கனமாக்கி ஒன்றாகப் பூட்டினால் கூட்டுத்தொகை சிக்கனமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சுவிட்சை மிக வேகமாக இயக்குவதிலும் இதே கதை. அழுத்தம் செங்குத்தாக ஏறும்போது சுவிட்சிங் இழப்பு குறையும். சுருளின் முதல் சில சுற்றுகளின் காப்புறை அடிவாங்கும், பேரிங் வழியே சிறு மின்பொறிகள் பாய்ந்து அதன் பாதையைக் குழியாக்கும். காப்பாற்றிய வாட்டைப் பேரிங் மாற்றும் செலவில் கட்டக்கூடாது.

எனக்கு மிகவும் மனத்தாங்கல் தருவது ஹால் சென்சார் விவகாரம். காந்தச் சுழலி எங்கே நிற்கிறது என்று சொல்லும் இந்தச் சிறு உணரி தப்பான கோணம் சொன்னால், மின்னோட்டத்தின் ஒரு பகுதி முறுக்குவிசை தராமலே சுற்றி வரும். 20 துருவ இணைகள் உள்ள ஹப் மோட்டாரில் உணரி ஒரே ஒரு டிகிரி தள்ளிப் பொருந்தியிருந்தால், மின்கோணத்தில் அது 20 டிகிரி. அதே முறுக்குவிசைக்கு மின்னோட்டம் ஆறு விழுக்காட்டுக்கு மேல் கூடும்; செம்பு இழப்பு 13 விழுக்காடு கூடும். மோட்டாரின் செம்பில் மட்டுமா, மாஸ்ஃபெட்டில், கட்டக் கம்பியில், முனைகளில், எல்லா இடத்திலும்! கோந்து காய்வதற்குள் சற்று நகர்ந்த உணரி, வண்டியின் ஆயுள் முழுக்க வரி வசூலித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாரையும் தொழிற்சாலையில் ஒரு முறை சுற்றிவிட்டு, அதன் பிழைக்கோணத்தை அளந்து அந்தக் கண்ட்ரோலரின் நினைவகத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. உட்பதித்த காந்த மோட்டார்களுக்கு இன்னொரு படி உண்டு: ஓர் ஆம்பியருக்கு அதிகபட்ச முறுக்குவிசை கிடைக்கும் கோணத்தைச் சுமைக்கேற்ப மாற்றிக்கொண்டே போவது. மின்னோட்டம் பத்து விழுக்காடு குறைந்தால் செம்பு இழப்பு 19 விழுக்காடு குறையும்.

பகுதிச் சுமையில் இன்னொரு செலவும் தலைகாட்டும். கேட் டிரைவர், செயலி, உணரிகள், துணை மின்வழங்கி ஆகியவை சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். அது 20 வாட் என்றால், 4 கிலோவாட்டில் அரை விழுக்காடு, கேட்க ஆளில்லை. 660 வாட்டில் அதுவே 3 விழுக்காடு. 3 கிலோவாட்-மணி பேட்டரியில் 90 வாட்-மணி; நாம் எடுத்துக்கொண்ட ஸ்கூட்டருக்கு மூன்று கிலோமீட்டர். பிரேக் பிடிக்கும்போது ஆற்றலைத் திரும்பப் பெறும் வண்டியில், அந்த ஆற்றல் இன்வெர்ட்டரை இருமுறை கடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறைக்கு 96 விழுக்காடு என்றால் போய்வர 92 தான்.

கடைசியாக அளவீடு. இதில்தான் மாணவர்கள் செய்யவேண்டிய வேலை குவிந்து கிடக்கிறது. 98 விழுக்காடு திறமுள்ள இன்வெர்ட்டருக்குள் 10,000 வாட் போகிறது, 9,800 வாட் வருகிறது. இழப்பு 200 வாட். இரு பக்கத்து மீட்டரிலும் 0.2 விழுக்காடு பிழை என்றால் ஒவ்வொன்றும் 20 வாட். சேர்ந்தால் 40 வாட் வரை. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும்போது, இழப்பில் 20 விழுக்காடு சந்தேகத்துக்கு இடமாகிவிடுகிறது. அந்த மீட்டரை வைத்துக்கொண்டு ஐந்து வாட் மிச்சப்படுத்தினேன் என்று எவரும் சொல்லமுடியாது.

வெப்பத்தையே நேராக அளப்பது நம்பகமானது. நீர்க்குளிர்ச்சி உள்ள கருவியில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை ஓடவிட்டால், 200 வாட் இழப்பு அதை ஏறத்தாழ 2.9 டிகிரி சூடாக்கும். நல்ல வெப்பமானிகள் இரண்டும் ஓட்டமானி ஒன்றும் போதும். ஸ்கூட்டர் கண்ட்ரோலரைப்போலக் காற்றில் குளிர்வதற்குத் தெர்மோகோல் வேய்ந்த பெட்டி ஒன்று செய்யுங்கள். முதலில் கண்ட்ரோலருக்குப் பதில் ஒரு ஹீட்டரை உள்ளே வைத்து, இத்தனை வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று பெட்டியைப் பழக்குங்கள். பிறகு கண்ட்ரோலரை வைத்து, மோட்டாரை வெளியே நிறுத்தி, 200 வாட், 400 வாட், 660 வாட், ஒரு கிலோவாட் என்று சுமையை ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் வெப்பநிலை நிலைகொள்ளும்வரை காத்திருங்கள். ஒரு புள்ளிக்கு ஓரிரு மணி நேரம் பிடிக்கும். பொறுமை வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டாம்.

இந்தக் கல்லூரியின் ஆய்வகத்தில் அப்படியொரு பெட்டி நிற்கட்டும். சந்தையில் கிடைக்கும் கண்ட்ரோலர்களை ஒவ்வொன்றாக வாங்கி, பகுதிச் சுமை இழப்பு வரைபடத்தைத் தயாரித்து, சுற்றுவட்டாரச் சிறு உற்பத்தியாளர்கள் எவர் கேட்டாலும் கொடுங்கள். அறக்கட்டளையின் ஆண்டு நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாமா என்று நிறுவனர் குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். முதல் பெட்டியைக் கட்டும் மாணவர் குழுவோடு உட்கார்ந்து வேலைசெய்ய நான் வருகிறேன்.